ஓய்வு பெறுவது யார்?

அறுபது வயது நிறையும் ஊழியர், அந்த மாதத்தின் கடைசி நாளன்று பிற்பகலில் ஓய்வு பெறுகிறார் என்று மத்திய அரசின் பணி விதி கூறுகிறது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவராயின், முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே அவர் விடைபெற வேண்டும். வறண்ட சட்ட மொழியில் அமைந்த இந்த விதியில் 'பிற்பகல்' என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. அன்று காலை வந்து கையெழுத்திட்டு இருக்கையில் அமர்பவர் முழு ஊழியரே. முப்பது ஆண்டுகளாக அவருடைய கையொப்பத்திற்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு அன்று நண்பகலிலும் உண்டு. பிற்பகல் கழிகிறது. அதே கை, அதே பேனா, அதே எழுத்து. ஆனால் அந்தக் கையொப்பம் இனி எந்தக் கோப்பையும் நகர்த்தாது.

அந்த ஒரு பிற்பகலில் மனிதரிடமிருந்து நீங்குவது எது? எஞ்சுவது எது? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே வளாகத்தில் உழைத்தவர் அன்று மாலை மாலையும் பழக்கூடையுமாக வீடு திரும்பும்போது, உண்மையில் ஓய்வு பெற்றது யார்?

அரசர்கள் முடிதுறந்ததைப் பற்றியும் தலைவர்கள் பதவி விலகியதைப் பற்றியும் நூல்கள் ஏராளம். ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தின் உதவியாளர் நாற்காலியை விட்டு எழுவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோரின் வாழ்க்கை அரசர்களின் வாழ்க்கையைப் போன்றதன்று. அந்த உதவியாளரின் வாழ்க்கையைப் போன்றது. எனவே இந்தக் கேள்வியை அவருடைய மேசையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

ஏணியின் சில படிகள்

தில்லிப் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வாயிலாகத் தோன்றியது. அப்போது அதில் இருந்தவை செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ் ஆகிய மூன்று கல்லூரிகள். மாணவர்கள் ஏறத்தாழ 750 பேர். பின்னர் வைஸ்ராயின் பழைய மாளிகை பல்கலைக்கழகத்திற்குக் கிடைத்தது. துணைவேந்தரின் அலுவலகம் இன்று அங்கேதான் இயங்குகிறது. மூன்று கல்லூரிகள் இன்று ஏறத்தாழ தொண்ணூறாகப் பெருகிவிட்டன. பல்கலைக்கழகம் என்றதும் பேராசிரியர்களும் நூலகங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் ஒருவர் கற்றார் என்பதை உலகிற்கு உறுதிப்படுத்துவது ஒரு தாள். அந்தத் தாளில் பெயர் பிழையின்றி அமையவும், மதிப்பெண் சரியாகப் பதிவாகவும், இருபது ஆண்டுகளுக்குப் பின் கேட்டாலும் அந்தப் பதிவு கிடைக்கவும் உழைப்பவர்கள் வேறு சிலர்.

அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் பலருடைய பொது உருவம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து தலைநகருக்கு வந்த தமிழர்களின் வரிசை மிக நீண்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலகங்கள் கோடையில் சிம்லாவிற்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் இடம் மாறிய நாட்களிலேயே அந்த வரிசை தொடங்கிவிட்டது. கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அவர்கள் குடியேறினார்கள். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்கள். பிள்ளைகள் தாய்மொழியை மறவாதிருக்கப் பள்ளிகளும் கண்டார்கள். அந்த வரிசையின் கடைசிப் பகுதியில், 1980-களின் இறுதியில், பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் நம் மனிதர்.

அவர் சேர்ந்தபோது மேசையில் தட்டச்சுப்பொறி இருந்தது. கார்பன் தாள் விரல்களைக் கறுப்பாக்கியது. தேர்வு முடிவுகள் கனத்த பதிவேடுகளில் கையால் எழுதப்பட்டன. பின்னர் கணிப்பொறி வந்தது. ஆண்டுத் தேர்வு போய்ப் பருவத் தேர்வு வந்தது. நான்காண்டு இளங்கலைப் படிப்பு 2013-இல் வந்து, அடுத்த ஆண்டே விலக்கப்பட்டு, 2022-இல் வேறு வடிவில் மீண்டும் வந்தது. அதே ஆண்டில் சேர்க்கையும் பொது நுழைவுத் தேர்வின்கீழ்ச் சென்றது. நெரிசலான பேருந்தில் வந்துகொண்டிருந்தவர் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் விஸ்வவித்யாலயா நிலையம் திறக்கப்பட்டபின் மெட்ரோவில் வரலானார். துணைவேந்தர்கள் பலர் வந்து சென்றார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் யாரோ முடிவு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் படிவங்களை மாற்றி எழுதியவர் அவர்.

இத்தனை ஆண்டுகளில் அவர் ஏறிய படிகள் எத்தனை? இளநிலை உதவியாளர், உதவியாளர், முதுநிலை உதவியாளர். நற்பேறு இருந்தால் பிரிவு அலுவலர். அவ்வளவே. படிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம் என்பதை அரசே அறியும். அதனால்தான் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் பணி நிறைவு செய்தும் பதவி உயர்வு கிட்டாதவர்களுக்கு ஊதியத்தையாவது உயர்த்தும் திட்டத்தை மத்திய அரசு 2008-இல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் ஊதிய உயர்வு வீட்டுச் செலவிற்கு உதவுமேயன்றி, மனத்தில் எழும் கேள்விக்கு விடையாகாது. அவருக்குப் பின் வந்த இளைஞர் தேர்வு எழுதி மேலே சென்றுவிட்டார். அவர் அதே அறையில் இருக்கிறார். 'நான் எதை அடைந்தேன்?' என்று அறுபதை நெருங்கும் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால், அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அது நியாயமான கேள்வி.

சிறிய நாற்காலியின் அதிகாரம்

அந்தக் கேள்விக்கு விடை காண, அந்த நாற்காலியில் என்ன இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிறிய பதவியில் இருப்பவர்களின் நாவில் இரண்டு வாக்கியங்கள் எளிதில் வரும். 'என் கையில் என்ன இருக்கிறது?' என்பது ஒன்று. 'என்னைத் தாண்டி இது நடந்துவிடுமா?' என்பது மற்றொன்று. முதலாவது பணிவு போலத் தோன்றுகிறது. இரண்டாவது ஆணவமாகவே ஒலிக்கிறது. ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பொறுப்பு வரும்போது முதல் வாக்கியமும், உரிமை வரும்போது இரண்டாவது வாக்கியமும் பயன்படுகின்றன. இரண்டிலும் எதிரே நிற்கும் மனிதர் கண்ணில் படுவதில்லை. 'நான்' மட்டுமே தெரிகிறது.

உண்மையில் அந்த நாற்காலிக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆணையிடும் அதிகாரம் அன்று, தாமதிக்கும் அதிகாரம். பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இடப்பெயர்வுச் சான்றிதழுக்காகச் சாளரத்தின் முன் நிற்கிறாள் என்று கொள்வோம். வேறொரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு நாட்களுக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். 'நாளை வா' என்று சொல்ல எந்த மேலதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை. அந்த இரண்டு சொற்களால் ஓராண்டு வீணாகலாம். துணைவேந்தர் நினைத்தாலும் செய்ய முடியாத தீங்கை, அவர் அறியாமலேயே, ஓர் உதவியாளரின் சோம்பல் செய்துவிடும்.

அப்படியானால் இரக்கத்தின் பெயரால் விதியை வளைக்கலாமா? அதுவும் சரியன்று. ஒருவருக்காக வரிசையை மாற்றினால், பேசத் தெரியாமல் வரிசையின் கடைசியில் நிற்கும் மற்றொருவருக்கு அநீதி இழைக்கிறோம். அவர் நம் கண்முன் அழவில்லை என்பதால் அவருடைய துன்பம் சிறியதாகிவிடாது. விதி என்பது கண்ணுக்குத் தெரியாத மனிதர்களுக்கும் நாம் காட்டும் மரியாதை. ஆனால் விதியை வளைக்காமலேயே செய்யக்கூடிய நன்மை ஏராளமாக இருக்கிறது. எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்பதை நான்கு முறை அலையவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லாமல், முதல் நாளே முழுமையாகச் சொல்வது. ஆங்கிலமோ படிவத்தின் மொழியோ புரியாதவருக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது. இன்று முடியக்கூடியதை இன்றே முடிப்பது. இவற்றிற்கு எந்த விதியும் தடையில்லை. இவற்றைக் கட்டாயப்படுத்தவும் எந்த விதியாலும் முடியாது. அறம் வாழும் இடம் துல்லியமாக இதுவே: செய்யாவிட்டால் யாரும் தண்டிக்க முடியாத, செய்தால் யாரும் பாராட்டாத இடம்.

நம் உதவியாளர் நாளொன்றுக்குப் பத்துப் பேரின் முகத்தைப் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், பணிக்காலம் முழுவதிலும் அந்த எண்ணிக்கை பல பதினாயிரங்களைத் தாண்டும். அவர்களுள் எவருக்கும் அவருடைய பெயர் தெரியாது. ஆனால் 'அன்று என் வேலை ஒரே நாளில் முடிந்தது' என்ற நினைவு எங்கோ ஒருவரிடம் இருக்கக்கூடும். ஏணியில் எத்தனை படிகள் ஏறினார் என்ற கணக்கில் இது இடம்பெறுவதில்லை. அது ஏணியின் குறையேயன்றி அவருடைய குறையன்று.

நாற்காலியும் மனிதரும்

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் நவீன அலுவலகத்தின் இயல்பை ஆராய்ந்து எழுதிய பெருநூல் அவருடைய மறைவுக்குப் பின் 1920-களின் தொடக்கத்தில், தில்லிப் பல்கலைக்கழகம் பிறந்த காலத்தை ஒட்டி, வெளிவந்தது. அலுவலகத்தில் பணிபுரிபவருக்கு அங்குள்ள எதுவும் சொந்தமில்லை என்பது அவர் சுட்டிய முக்கியமான கருத்துகளுள் ஒன்று. மேசை, பணம், முத்திரை, கோப்பு, ஏன், பதவியே கூட அவருடையதன்று. வீடு வேறு, அலுவலகம் வேறு. தன் பணம் வேறு, பொதுப்பணம் வேறு. இந்தப் பிரிவினையின்மீதுதான் நேர்மையான நிர்வாகம் நிற்கிறது.

வெபர் ஒரு சமூக உண்மையைச் சொன்னார். ஆனால் அதனுள் ஓர் ஆன்மிக உண்மையும் ஒளிந்திருக்கிறது. 'எனது' என்று எதையும் சொல்ல முடியாத இடத்தில், ஒருவர் தம் வாழ்வின் சிறந்த பகுதியைச் செலவிடுகிறார்! மனமோ சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் அமரும் நாற்காலியை 'என் நாற்காலி' என்கிறது. கையாளும் கோப்பை 'என் கோப்பு' என்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல 'எனது' என்பது 'நான்' ஆகிவிடுகிறது. 'நீங்கள் யார்?' என்று கேட்டால் பதவியின் பெயரே விடையாக வருகிறது. மமகாரம் அகங்காரமாக உறையும் விதம் இதுதான்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 33 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, 1825-இல் ஓய்வு பெற்றவர். அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. ஓய்வு பெற்றவர் விடுதலையின் திகைப்பில் நாட்களின் பெயர்களையே மறந்துபோகிறார். பிறகு ஒருநாள் பழைய நண்பர்களைக் காண அலுவலகத்திற்குச் செல்கிறார். அவருடைய மேசையில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் தொப்பியை மாட்டிய கொக்கியும் வேறொருவருடையதாகிவிட்டது. யாரும் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. எல்லாம் நடக்க வேண்டியபடியே நடந்திருக்கின்றன. ஆயினும் உள்ளம் வலிக்கிறது. எவரும் குற்றவாளியாக இல்லாத இடத்திலும் ஏன் வலி வருகிறது? ஒருபோதும் நம்முடையதாக இல்லாத ஒன்றை நம்முடையது என்று நம்பியிருந்ததால்தான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 1962-இல் 55-லிருந்து 58 ஆயிற்று. 1998-இல் 60 ஆயிற்று. வானத்துச் சூரியனோ, மனித உடலோ அந்த ஆண்டுகளில் மாறிவிடவில்லை. பள்ளியில் சேர்க்கும் நாளில் தந்தை தோராயமாகச் சொன்ன பிறந்த தேதியே பணிப் பதிவேட்டில் ஏறி, பலருடைய கடைசி வேலைநாளை நிர்ணயித்திருக்கிறது. இத்தனை எளிதில் முன்னும் பின்னும் நகரக்கூடிய ஒரு கோடு மனிதரின் உண்மையான எல்லையாக இருக்க முடியுமா? அது பதவியின் எல்லை, மனிதரின் எல்லையன்று.

பாதுகை சொல்லும் பாடம்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'எதுவும் என்னுடையதில்லை என்றால், நான் ஏன் அக்கறையோடு உழைக்க வேண்டும்? வாடகை வீட்டிற்கு யாராவது தம் செலவில் வெள்ளையடிப்பார்களா?'

பரதன் இந்த மறுப்பிற்கு விடையாக நிற்கிறான். அயோத்தியின் அரசை அவன் தன்னுடையது என்று ஒரு கணமும் கருதவில்லை. அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திக்கிராமத்தில் இருந்தபடி பதினான்கு ஆண்டுகள் ஆட்சியை நடத்தினான். ஸ்ரீராமர் திரும்பி வந்தபோது பாதுகைகளை அவர் திருவடிகளில் தானே அணிவித்த பரதன், அத்துடன் நிறுத்தவில்லை. கருவூலத்தையும் களஞ்சியத்தையும் படையையும் பார்வையிடுமாறு வேண்டி, அவை பத்து மடங்காகப் பெருகியிருப்பதைத் தெரிவித்தான் என்கிறது வால்மீகி ராமாயணம். தன்னுடையது என்று எண்ணியிருந்தால் கணக்குக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. தன்னுடையது அல்ல என்று அலட்சியமாக இருந்திருந்தால் கொடுப்பதற்குக் கணக்கே இருந்திராது.

வாடகைக்காரருக்கும் அறங்காவலருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வாடகைக்காரர், 'இது என்னுடையதில்லை. ஆகவே எனக்குக் கவலையில்லை' என்கிறார். அறங்காவலர், 'இது என்னுடையதில்லை; ஆகவே நான் மேலும் கவனமாக இருக்க வேண்டும்' என்கிறார். பற்றின்மை என்பது அக்கறையின்மை அன்று. 'நான்' கலவாத அக்கறை. மாணவர்களின் பதிவேடுகளை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் எடுக்கக்கூடியபடி அடுக்கி வைக்கும் உதவியாளர், தாம் காணப்போகாத ஒருவருக்காகவே அதைச் செய்கிறார். அத்தகையவருக்கு நாற்காலியை விட்டு எழுவது கடினமாக இருக்காது. அவர் அதில் ஒருபோதும் உரிமையாளராக அமர்ந்ததில்லை.

சொல்லாமல் விடக்கூடாத கணக்கு

ஆனால் இந்த உண்மையை மற்றவர்களுக்கு உபதேசமாகச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். பற்றின்மையை அடுத்தவருக்குப் பரிந்துரைப்பது மிக எளிது.

ஓய்வூதியம் அரசின் கருணையினால் வழங்கப்படும் கொடையன்று, செய்த பணிக்கான உரிமை என்பதை 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் நிலைநாட்டியது. அந்த நாளே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2004-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு முறை மாறிவிட்டது. அவர்களுடைய ஓய்வுக்கால வருவாய் அவர்களும் அரசும் செலுத்தும் பங்களிப்பைச் சார்ந்ததாயிற்று. அலுவலகங்களில் ஒப்பந்த அடிப்படையில், நாளை வேலை உண்டா என்று அறியாமல் உழைப்பவர்களும் உண்டு. நம் மனிதருக்கு அடுத்த மேசையில் அத்தகைய இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவரிடம் சென்று, 'நாற்காலியில் பற்று வைக்காதே' என்று சொல்வது ஞானமாகாது. அவருடைய கவலை பற்றினால் வந்ததன்று. அரிசியின் விலையினால் வந்தது. உரிமையைக் கேட்பதும் பற்றை விடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. தமக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள். தமக்கு உரியதல்லாததைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே நேர்மையின் இரண்டு பக்கங்கள்.

வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்பில் 300 நாட்கள் வரை ஓய்வு பெறும்போது பணமாகக் கிடைக்கும். பலர் அதைப் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் அந்த நாட்களில் பிள்ளையின் பள்ளி விழா இருந்திருக்கலாம். ஊரில் தாய் நோயுற்றுக் கிடந்த ஒரு வாரம் இருந்திருக்கலாம். அலுவலகம் அந்த நாட்களுக்கு விலை கொடுத்துவிடுகிறது. அந்த நாட்களைத் திருப்பித் தர அதனால் முடியாது. கடமை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மற்றொரு கடமையைத் தவிர்த்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வுக்காலம் அதற்கு முழுப் பரிகாரம் ஆகாது. ஆனால் ஒரு தொடக்கம் ஆகலாம்.

கடைசி மாதங்கள்

ஓய்விற்கு முந்தைய மாதங்களை நம் உதவியாளர் எப்படிச் செலவிட வேண்டும்? நம் முன்னோர் வாழ்வை நான்கு நிலைகளாகப் பகுத்தபோது, இல்லறத்திற்குப் பிறகு உடனே துறவை வைக்கவில்லை. இடையில் வானப்பிரஸ்தம் என்ற ஒரு நிலையை வைத்தார்கள். பிடியைத் தளர்த்தப் பழகும் காலம் அது. அதைக் காட்டிற்குச் சென்றுதான் பழக வேண்டும் என்பதில்லை. அலுவலக அறையிலேயே பழகலாம்.

எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தப் பழைய ஆணை எந்தச் சிக்கலைத் தீர்க்கும், 1990-களின் மதிப்பெண் பட்டியலில் எந்த இடத்தில் பிழை இருக்கக்கூடும் — இத்தகைய அறிவு எந்தக் கணிப்பொறியிலும் இல்லை. அவருடைய நினைவில் இருக்கிறது. அதைத் தமக்குள் வைத்துக்கொண்டால், ஓய்விற்குப் பின்னும் அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரும். 'நான் இல்லாமல் அங்கே எதுவும் நடப்பதில்லை' என்று சொல்லி மகிழலாம். அடுத்த மேசையில் உள்ள அந்த இளைஞருக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிட்டால், அழைப்பு எதுவும் வராது. முதலாவது நினைவில் நிற்க விரும்பும் மனம். இரண்டாவது நிறைவு பெற்ற மனம். எந்தத் தொலைபேசியும் ஒலிக்காத அந்த முதல் மாதமே அவர் தம் பணியை எவ்வளவு முழுமையாகச் செய்து முடித்தார் என்பதற்குச் சான்று.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது திரும்பலாம். அந்தப் பிற்பகலில் ஓய்வு பெறுவது ஒரு பதவியின் பெயர்; ஒரு கையொப்பத்தின் செல்வாக்கு. பொறுமையாகக் கேட்கப் பழகிய செவிக்கும், பிறர் பெயரைப் பிழையின்றி எழுதப் பழகிய கைக்கும், இன்று முடிவதை நாளைக்குத் தள்ளாத மனத்திற்கும் ஓய்வு வயது எந்த விதியிலும் குறிக்கப்படவில்லை. அவற்றை வளர்க்க அந்த நாற்காலி ஒரு வாய்ப்பாக இருந்தது. வளர்த்துக்கொண்டவர் அவற்றோடு வீடு திரும்புகிறார். நாற்காலியை மட்டுமே வளர்த்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

மறுநாள் காலை அதே சாளரத்தின் முன் வேறொரு மாணவி வந்து நிற்பாள். முந்தைய நாள்வரை அங்கே இருந்தவரை அவள் அறியமாட்டாள். புதியவர் அவளை அமரச் சொல்லி, வேண்டிய தாள்கள் எவையெவை என்பதை ஒரே முறையில் முழுமையாகச் சொல்வார் என்றால், அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவரின் பணி அங்கே தொடர்கிறது.